ரஞ்சிதம் கேட்ட விருந்து

மில் சங்கு ஊதுவதற்கு முன்பே தனசிங் எழுந்துவிட்டான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சினான். அது பொங்கியது. அடுப்பைத் துடைத்தான். மிச்சமிருந்த பாலில் காப்பி போட்டான். பாதி குடித்த பிறகு சர்க்கரை போடவில்லை என்று தெரிந்தது. மீதியையும் அப்படியே குடித்தான். முகம் மழித்தான். முட்டை அவித்தான். உரித்தான். நின்றபடியே தின்றான். ஆகஸ்டிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். பால் பொங்காத நாளும் உண்டு.

பிறகு சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையின் முன் போய் நின்றான்.

மில்லில் வீணாய்க் கிடந்த ஷிப்ட் சார்ட்டின் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்தது. டிசம்பர் இருபத்துநாலு மாலை தொடங்கி ஜனவரி ஒன்று மதியம் வரை. வரவேண்டியவர் யார், சாப்பாடு என்ன, சமைப்பது யார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் எழுதியிருந்தான். அவன் பி.எஸ்ஸி. படித்தவன். ஒரு நூல் மில்லில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தான். கட்டம் போட்டால் எதுவும் அடங்கும் என்பது அவன் நம்பிக்கை.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சமையல்காரர் மாரிச்சாமி. இருபத்தைந்தாம் தேதி மதியப் பிரியாணிக்கு ஏற்பாடு செய்திருந்த ஆள். கறுப்பு வேட்டி. நெஞ்சில் மாலை. அரை விரல் தாடி.

"சாமி சரணம்" என்றார்.

"என்ன மாரிச்சாமி, மாலையா?"

"ஆமா சாமி. கார்த்திகை பொறந்தா வருசா வருசம் போடுததுதான்."

"பிரியாணி?"

"அதச் சொல்லத்தான் வந்தேன் சாமி. கறியத் தொட மாட்டேன் சாமி."

"பொறவு எதுக்கு அன்னைக்கி சரின்னு சொன்னீங்க?"

"நீங்க ஐப்பசியில வந்து கேட்டீக. ஐப்பசியில நான் சாமி இல்லையே."

தனசிங் சுவரில் இருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தான். மாரிச்சாமிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சோறு வடிச்சித் தாரேன். ரசம் வச்சித் தாரேன். கறிக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்கிடுங்க."

"மாலை போடாத சமையக்காரரு ராஜபாளையத்துல ஒருத்தரும் இல்லையா?"

மாரிச்சாமி தாடியைத் தடவினார். "இருக்கான் சாமி. ஆனா அவன் ஆக்குனத ஆறு மாசம் கழிச்சும் சொல்லிக் காட்டுவாக."

அவர் போன பிறகு தனசிங் அந்தக் கட்டத்தை அழித்தான். அழித்த இடம் மற்றக் கட்டங்களைவிட வெள்ளையாக இருந்தது.

அந்த ஒரு கட்டம்தான் முக்கியம். மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்டவை.

அவன் மனைவி ரஞ்சிதம் ஆகஸ்டில் போய்விட்டாள். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். மாலையில் கொஞ்ச நேரம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அக்கா ஜெயபாயும், ரஞ்சிதத்தின் அம்மா பரிபூரணமும் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாள் அவனை உள்ளே கூப்பிட்டபோது அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அதன் பிறகு திறக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏலே, கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாலே. 'மதினி, நம்ம வீட்டுல கிறிஸ்மஸ் நின்னுறக்கூடாது. வழக்கம்போல எல்லாத்தையும் கூப்பிட்டுச் சோறு போடணும்'னா."

ரஞ்சிதம் அவனிடம் எதையும் கேட்டதில்லை. சேலை கேட்டதில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை. அவள் கேட்டதென்று இப்போது இருப்பது இது ஒன்றுதான். இதைச் செய்துவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்திருந்தான். அதுவும் குறையில்லாமல்.

கல்யாணமான ஆறு வருடமும் இரண்டு பக்கத்து ஆட்களும் கிறிஸ்மஸுக்கு இங்கேதான் வந்து இறங்குவார்கள். வருஷப் பிறப்பு மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ரஞ்சிதம் அட்டவணை எதுவும் போட்டதில்லை. டிசம்பர் பிறந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். வேலை மும்முரம் என்று அவன் நினைத்துக்கொள்வான். முன்னறையில் எல்லோரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். சாப்பாடு வரும். காப்பி வரும். முந்திரிக்கொத்து வரும். மறுபடியும் சாப்பாடு வரும்.

அவை எங்கிருந்து வந்தன என்பதை இப்போது கட்டம் கட்டமாக யோசிக்க வேண்டியிருந்தது.

மாலையில் ஷிப்ட் முடிந்ததும் தளவாய்புரத்துக்குப் பஸ் ஏறினான். அக்கா வீட்டில் நைட்டி தைக்கும் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். மிஷின் இல்லாத இடத்திலும் அதே குரலில்தான் பேசுவாள்.

"அக்கா, மாரிச்சாமி மாலை போட்டுட்டாரு."

"போட்டா போடட்டும். கறிய நான் ஆக்குதேன்."

"சரி. இருபத்துநாலே வந்துரு. விறகு வாங்கிப் போட்டிருக்கேன்."

"கூறு இருக்காலே ஒனக்கு? வருசம் திரும்பாத வீடு. அங்க அடுப்பு மூட்டி விருந்து ஆக்குனா நாலு பேரு என்ன சொல்லுவாக? நான் இங்கன ஆக்கி ஆட்டோவுல கொண்டாரேன்."

"கிறிஸ்மஸ் நின்னுறக்கூடாதுன்னுதான அவ சொன்னா?"

"நின்னுறக்கூடாதுன்னா. அங்கயே ஆக்குங்கன்னு சொன்னாளா? ஆட்டுக்கறின்னு சொன்னா. 'நெஞ்செலும்பு நெறையாப் போட்டு ஆக்குங்க மதினி'ன்னா."

"நெஞ்செலும்பா? இத நீ முன்னால சொல்லலியே."

"அடக்கம் முடிஞ்ச துட்டி வீட்டுல ஒக்காந்துக்கிட்டு நெஞ்செலும்பப் பத்தியாலே பேசுவாக?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டத்தில் எழுதினான். ஆட்டுக்கறி. நெஞ்செலும்பு. அக்கா.

இந்தப் பக்கத்தில் செய்தி ஆளைவிட முந்திக்கொண்டு பஸ் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சுந்தரபாண்டியத்திலிருந்து மாமியார் பரிபூரணம் வந்து நின்றாள். கையில் கால் கட்டிய நாட்டுக்கோழி ஒன்று தலைகீழாகத் தொங்கியது.

"ஆட்டுக்கறியாம்லா மாப்ள?"

"ஆமா அத்தை. ரஞ்சிதம் கடைசியா..."

"எம் மகளா? ஆட்டுக்கறியா? ஒங்க அக்கா சொன்னாளாக்கும்?" அவள் கோழியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு கேக்குதேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து அவ ஆட்டுக்கறி தின்னு நீங்க பாத்திருக்கீகளா?"

தனசிங் யோசித்தான். அவள் சமைப்பதைப் பார்த்திருக்கிறான். பரிமாறுவதைப் பார்த்திருக்கிறான். தின்பதைப் பார்த்ததாக ஞாபகம் வரவில்லை. ஆட்டுக்கறி என்றில்லை. கிறிஸ்மஸ் அன்று அவள் எப்போது சாப்பிட்டாள், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்பதும் ஞாபகம் வரவில்லை.

"வாடையே ஆகாது அவளுக்கு" என்றாள் பரிபூரணம். "எங்கிட்டத்தான் கடைசியா சொன்னா. 'எம்மா, கிறிஸ்மஸுக்கு நாட்டுக்கோழி அடிச்சி, நல்லமொளகு அரைச்சி விட்டு எல்லாத்துக்கும் குடும்மா'ன்னா."

"அக்காகிட்ட சொன்னதுக்கு முன்னாடியா, பின்னாடியா அத்தை?"

மாமியார் கோழியின் கால் கட்டை இறுக்கினாள்.

"பின்னாடி."

அவன் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான். மேல் பாதி ஆடு. கீழ்ப் பாதி கோழி.

"ரெண்டும் இருக்கட்டும் அத்தை."

"இருக்கட்டும் மாப்ள. எது மொதல்ல எலையில விழும்?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. தொழிற்சாலை முறைப்படி யோசித்து இரண்டு பந்தி என்று முடிவு செய்தான். முதல் பந்தி ஆடு, இரண்டாம் பந்தி கோழி. இரண்டு பக்கத்துக்கும் கார்டு எழுதினான். அக்காவிடமிருந்து பதில் வந்தது. தளவாய்புரத்துக்காரர்கள் கோழி தின்னத் தகுதியில்லாதவர்களா என்று கேட்டிருந்தாள். மாமியாரிடமிருந்தும் வந்தது. இரண்டாம் பந்தி என்றால் எச்சில் இலை எடுக்கத்தான் கூப்பிடுகிறீர்களா என்று இருந்தது. மாமியாரை இருபத்தாறுக்கு மாற்றினான். மறுநாள் வந்து மிச்சம் மீதி தின்ன வேண்டிய நிலைமை தங்களுக்கு இல்லை என்றாள். அக்காவை இருபத்தாறுக்கு மாற்றினான். அக்கா கார்டு எழுதவில்லை. நேரில் வந்து அழுதாள். இருவரையும் இருபத்தைந்துக்கே கொண்டுவந்தான். காகிதத்தில் அந்த இடம் அழித்து அழித்து ஓட்டை விழுந்தது. பின்னால் ஒரு துண்டு ஒட்டினான்.

கோழி புழக்கடையில் இருந்தது. இரண்டு நாளுக்கு ஒரு முட்டை இட்டது. அதை அவித்துத் தின்றான்.

அடுத்து வந்தது சித்தி சீனியம்மாள். பக்கத்துத் தெரு. தனசிங்கின் அப்பா இளவயதில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவரானவர். அவர் தம்பி வரவில்லை. ஆனால் கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு ஒரு வருடமும் தவறாமல் வந்துவிடுவார்.

"ஏய்யா, ஒங்க சித்தப்பா இந்த வருசம் மாலை போட்டிருக்காக."

"அவருமா?"

"கறி வாடையில ஒக்கார மாட்டாக. அதுக்காக வராம இருக்க முடியுமா? ரஞ்சிதம் எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போயிருக்கா தெரியும்லா?"

தனசிங் பென்சிலை எடுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் கொண்டுக்கிட்டுப் போனேம்லா. கையப் புடிச்சிக்கிட்டா. 'சித்தி, மாமாவுக்குன்னு சுத்தபத்தமா சைவச் சாப்பாடு தனியா வைக்கணும். அவிய கை நனைக்காம நம்ம வீட்டுல கிறிஸ்மஸ் இல்ல'ன்னா."

ஆறு வருடத்தில் ரஞ்சிதம் சாப்பாட்டைப் பற்றித் தன்னிடம் இவ்வளவு பேசியதில்லை என்று தனசிங்குக்குத் தோன்றியது. தண்ணீர் விழுங்கக் கஷ்டப்பட்ட ஒரு பெண் இத்தனை பேரிடம் இத்தனை பதார்த்தம் சொல்லியிருக்கிறாள். தன்னிடம் மாலைப் பார்வை நேரத்தில் அவள் சொன்னதெல்லாம், "சட்டைய மாத்துங்க, அழுக்கா இருக்கு" என்பதுதான்.

"மாரிச்சாமி சைவம் சமைப்பாரு சித்தி. அவரும் மாலைதான்."

"அவன் சட்டியில எம்புட்டு ஆடு வெந்திருக்கும்! ஒங்க சித்தப்பா மோந்து பாத்தே சொல்லிருவாக."

அப்போதுதான் அவனுக்கு பாஷ்யம் ஞாபகம் வந்தது.

பாஷ்யம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். ஆஸ்பத்திரியில் அதே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் மனைவி வஞ்சுளவல்லிக்கு ரஞ்சிதத்துக்கு அடுத்த கட்டில். இருவரும் ஒரு பிளாஸ்க் காப்பியைப் பங்கு போட்டுக் குடித்திருக்கிறார்கள். வஞ்சுளவல்லி குணமாகி வீட்டுக்குப் போனாள்.

தனசிங் மாட வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாஷ்யம் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார். மார்கழி. நெற்றியில் திருமண் ஈரம் காயவில்லை.

"புளியோதரையும் தயிர்சாதமும் போறுமா?" என்றார். "இதுக்குப் போய் ஏன் தயங்கறேள்?"

"போதும் சார். உங்க வீட்டுச் சாப்பாடுன்னா சித்தப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இது அவளோட கடைசி ஆசை. கிறிஸ்மஸுக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சோறு போடணும்னு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வஞ்சுளவல்லி வெளியே வந்தாள். நோய் போன உடம்பு இன்னும் தேறவில்லை.

"யார்கிட்டே சொன்னா அப்படி?" என்றாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காம்மா."

அவள் தன் கணவரைப் பார்த்தாள். பிறகு தனசிங்கைப் பார்த்தாள்.

"நாங்களே எடுத்துண்டு வரோம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஆள் அனுப்பினாள். கோழிச் சட்டி வாசலைத் தாண்டினால் அவள் தாண்ட மாட்டாளாம். சுந்தரபாண்டியத்திலிருந்து தம்பி முறை உள்ள ஒருவன் வந்து, அதே சேதியை ஆட்டுக்கறி அண்டாவைப் பற்றிச் சொன்னான். இரண்டு பேரும் தனசிங்கிடம் ஆளுக்கொரு டம்ளர் காப்பி குடித்தார்கள். சர்க்கரை இல்லை என்பதைச் சொல்லாமல் போனார்கள்.

அன்று அவன் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டான். இருபத்தைந்து மதியம்: மில் கேண்டீன். முட்டைக் குழம்பு. ஆடும் இல்லை, கோழியும் இல்லை. இரண்டு கட்சிக்கும் பொது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார்டு எழுதினான். "யாரும் எதுவும் கொண்டு வர வேண்டாம். எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன். வந்து சாப்பிட்டால் போதும்."

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான். நாலு மாதத்தில் முதல்முறையாக மத்தியானம் கொஞ்சம் தூங்கினான்.

துக்க வீட்டுக்காரர், ஒன்றும் கொண்டு வராதீர்கள் என்று சொல்வது வழக்கம். அதைக் கேட்டுக்கொண்டு நிறையக் கொண்டு போவதும் வழக்கம். எழுதியே அனுப்பிவிட்டார் என்றால், ஆள் எவ்வளவு நொந்து போயிருக்கிறார் என்று இன்னும் கூடுதலாகக் கொண்டு போவார்கள். இதெல்லாம் ரஞ்சிதத்துக்குத் தெரிந்திருக்கும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இதற்குச் சோதனை கிடையாது.

கிறிஸ்மஸ் காலை ஆராதனை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது கேண்டீன் வண்டி வாசலில் நின்றது. ஒரு டிரம் சோறு. ஒரு டிரம் முட்டைக் குழம்பு. இறக்கி முன்னறையில் வைத்தான்.

பிறகு தளவாய்புரம் ஆட்டோ வந்தது. அண்டாவின் வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்னு எழுதியிருந்தேனேக்கா."

"எழுதத்தான்லே செய்வ. பாவம்."

அண்டாவை முன்னறையின் நடுவில் வைத்தாள். கேண்டீன் டிரம்மைத் திறந்து பார்த்தாள்.

"முட்டையா? இது கோழிக் கட்சிதானலே?"

அவன் பதில் சொல்வதற்குள் பரிபூரணம் வந்தாள். பின்னால் நாலு பேர். ஆளுக்கொரு குண்டான். மிளகு வாசனை வீட்டுக்குள் அவளுக்கு முன்னால் நுழைந்தது. அவள் அண்டாவைப் பார்த்தாள். குண்டான்களை அதைச் சுற்றி வைக்கச் சொன்னாள். நாலு பக்கமும்.

மாரிச்சாமி வந்தார். மனசு கேட்கவில்லை சாமி என்று ஒரு சட்டிப் பாயாசத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா கறுப்பு வேட்டியோடு எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, இந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு வரும் பாதையைத் தெரிந்துகொள்ள மட்டும் அடிக்கடி தோள் வழியாகப் பார்த்தார்.

இப்போது ஒரு புதிய சிக்கல். முன்னறை முழுக்கப் பாத்திரம். இலை போட இடம் இல்லை.

"அக்கா, அண்டாவ செத்த அடுப்படிப் பக்கம் தள்ளிக்கிடுவமா?"

"ஏன்? மொதல்ல வந்தது இதுதான."

"அத்தை, குண்டான்..."

"பெத்தவ கொண்டாந்தத மூலையில வைக்கச் சொல்லுதீகளா மாப்ள?"

தனசிங் கேண்டீன் டிரம்மை நகர்த்தினான். ஒரு இலை போடலாம் போல இடம் கிடைத்தது.

"எந்தக் கறி மொதல்ல எலையில விழணும்னு கேட்டா அவளக் கேக்கணும்" என்றாள் ஜெயபாய். "எங்கிட்டத்தான் கடைசியா சொன்னா. ஆட்டுக்கறின்னு."

"பெத்தவகிட்ட சொல்லாம நாத்தனார்கிட்டயா சொல்லுவா? ஏட்டி, ஒனக்கு வாய் கூசல?"

"அத்தை, வயசுக்கு மரியாத குடுத்துப் பேசுதேன்."

"எங்கையப் புடிச்சிச் சொன்னா" என்றாள் சீனியம்மாள். "சைவச் சாப்பாடுன்னு."

"சித்தி, நீங்க வந்துட்டுப் போயி நாலு நாளு கழிச்சில்ல அவ போனா!" என்றாள் ஜெயபாய்.

"அதனால என்னட்டி? அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேசலயே. அப்ப அது கடைசிதான?"

வாசலில் பாஷ்யமும் வஞ்சுளவல்லியும் வந்து நின்றார்கள். அவர் கையில் ஒரு தூக்கு, அவள் கையில் ஒரு தூக்கு. உள்ளே கால் வைக்க இடம் இல்லாததால் அங்கேயே நின்றார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

"நெஞ்செலும்பு!"

"நல்லமொளகு!"

"சுத்தபத்தம்!"

தனசிங் இரண்டு குண்டான்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். அவன் சத்தம் போட்டு இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அன்னைக்கி அவ கண்ண மூடுறதுக்கு முன்னாடி உள்ள யாரு இருந்தது?"

பரிபூரணம் குனிந்து ஒரு குண்டானை நேராக வைத்தாள்.

"நான் வெந்நி எடுக்கப் போயிருந்தேன்" என்றாள் பரிபூரணம்.

"வெந்நியா? நம்ம ரெண்டு பேரையும்லா நர்ஸம்மா வெளிய போகச் சொன்னா" என்றாள் ஜெயபாய். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எதுக்கு?" என்றான் தனசிங்.

ஜெயபாய் அண்டாவின் வாய்த்துணியை இழுத்து இறுக்கினாள்.

"எதுக்குக்கா?"

"கஞ்சியில உப்புப் போடலாமா கூடாதான்னு..."

"காமாலைக்கு உப்பு ஆகாதுன்னு நான் சொன்னேன்" என்றாள் பரிபூரணம்.

"ஒரு கல்லு போட்டா என்ன, புள்ள ருசியில்லாமக் குடிக்கமாட்டாளேன்னு நான் சொன்னேன்."

தனசிங்குக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருந்தது. வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு ஆட்களோ, நோயாளி இருக்கும் இடத்தில் இப்படிக் கத்துகிறார்களே என்று பாஷ்யத்திடம் அவன் சொன்னான்.

"அப்ப ஒங்ககிட்ட அவ எதுவும் சொல்லல."

ஜெயபாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழும்போது அவள் குரல் மிஷின் இல்லாத வீட்டுக் குரலாக இருந்தது.

"நெனைச்சிருப்பாலே. சொல்ல நேரம் கெடைக்கல, அவ்வளவுதான். வருசா வருசம் மொகம் சுளிக்காம எம்புட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்டா! கிறிஸ்மஸ் வந்தா அவளுக்கு எம்புட்டுச் சந்தோசம்! அது நின்னுறக்கூடாதுன்னுதான் நெனைச்சிருப்பா. அதத்தான் சொன்னேன்."

"நானும் அதத்தான் சொன்னேன் மாப்ள" என்றாள் பரிபூரணம். "கோழியும் எங் கையால குடுக்கணும்னு தோணுச்சி."

இருவரும் இப்போது ஒரே அண்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சீனியம்மாள் தன் பங்குக்கு எதையும் திருத்திச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் சித்தப்பா தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

தனசிங்குக்குக் கோபம் வரவில்லை. செய்ய இருந்த ஒரே வேலையும் கையை விட்டுப் போனது போல இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருடமும் கேட்காதது போலவே.

"நான் இருந்தேன்" என்றாள் வஞ்சுளவல்லி.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அடுத்த கட்டில் என்னோடதுதானே. நான் முழிச்சிண்டுதான் இருந்தேன்."

"ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாளாம்மா?" என்றான் தனசிங்.

அவள் அண்டாவைப் பார்த்தாள். குண்டான்களைப் பார்த்தாள். டிரம்மையும், ஜன்னலில் இருந்த பாயாசத்தையும் பார்த்தாள்.

"இப்போ வேண்டாமே. எல்லாரும் முதல்லே சாப்பிடுங்கோ."

"சொல்லுங்கம்மா."

"ரொம்பத் தெளிவாத்தான் இருந்தா. இவா ரெண்டு பேரும் வெளியிலே போனதும் டாக்டர் வந்தார். உடம்பு தேறினாலும் தை மாசம் வரைக்கும் அடுப்புப் பக்கமே போகக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டுப் போனார். அவர் போனப்புறம் என் பக்கமாத் திரும்பிப் படுத்துண்டா. சிரிச்சா. அத்தனை நாள்லே அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன். ஒண்ணு சொன்னா. சொல்லிட்டு அப்படியே தூங்கிப் போயிட்டா. அப்புறம் முழிக்கலை."

"என்ன சொன்னா?"

"'அப்பாடா! இந்த வருசம் கிறிஸ்மஸுக்கு நான் ஒருத்தருக்கும் ஆக்கிப் போட வேண்டாம்க்கா.'"